மூன்று தரம் கரு கலைந்தால் யார் குற்றம்?



முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு ஒரு தரம் கரு கலைந்தால், "போகட்டும் புள்ள, அடுத்த தரம் நல்லா வரும்" என்று ஆறுதல் சொல்கிறோம். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கலைந்தால் பேச்சு மாறிவிடுகிறது. "காத்துக் கருப்பு", "ராசி இல்லாதவ" என்று லயத்திலே பேசுவார்கள். அவளும் யாருக்கும் சொல்லாமல் அடுத்த நாளே கொழுந்துக்குப் போய்விடுவாள். டிஸ்பென்சரியிலும் பதிவு இருக்காது. இந்த மறைவுதான் பெரிய கெடுதல்.

உடம்பின் காவல் படை

நம் உடம்பிலே கிருமிகளை எதிர்க்கும் ஒரு காவல் படை உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை நிர்ப்பீடனத் தொகுதி என்பார்கள். தன் உடம்பைச் சேராத எதையும் அது எதிர்க்கப் பார்க்கும். வயிற்றுப் பிள்ளையிலோ பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது. அப்படியானால் தாயின் காவல் படை பிள்ளையை ஏன் விரட்டுவதில்லை? இந்தக் கேள்வியை 1953இல் பீட்டர் மெடவார் என்ற ஆங்கில விஞ்ஞானி எழுப்பினார்.

அதன்பின் பல விஷயம் தெரிய வந்தது. தாயோடு ஒட்டியிருக்கும் நச்சுக்கொடியின் உயிரணுக்கள், அந்நியம் என்று காட்டிக்கொடுக்கும் வழக்கமான அடையாளங்களை வெளியே காட்டுவதில்லை. கர்ப்பப்பையில் இருக்கும் காவல் அணுக்களும் பிள்ளையோடு சண்டை போடுவதில்லை. நச்சுக்கொடிக்கு நிறைய இரத்தம் போக, தாயின் இரத்தக் குழாய்கள் விரிவதற்கு அவை உதவி செய்கின்றன.

காவல் தவறும்போது

சில பெண்களின் இரத்தத்தில், சொந்த உடம்பையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன. இதற்கு அன்டிபொஸ்போலிபிட் நோய் என்று பெயர். 1983இல் லண்டனில் டாக்டர் கிரஹம் ஹியூஸ் இதை விவரித்தார். இந்த நோயில் இரத்தம் சீக்கிரம் உறையும், நச்சுக்கொடியும் சரியாக வளராது. அதனால் கரு கலையும்.

இதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஒரு தரம் பார்த்தால் போதாது, 12 கிழமைக்குப் பின் மறுபடியும் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால் குறைந்த அளவு அஸ்பிரினும் ஹெப்பரின் ஊசியும் கொடுப்பார்கள். 1997இல் லண்டனில் இப்படிப்பட்ட 90 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 42 பேருக்குத்தான் உயிருள்ள பிள்ளை கிடைத்தது. ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் 100க்கு 71 பேருக்குக் கிடைத்தது.

காரணம் தெரியாதவர்கள்

திரும்பத் திரும்பக் கரு கலைபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, எல்லாப் பரிசோதனையும் செய்த பின்னும் காரணம் தெரிவதில்லை. இவர்கள் மனம் தளர வேண்டாம். பெரும்பாலானவர்கள் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

இங்கேதான் ஏமாறக் கூடாது. புருஷனின் வெள்ளை அணுக்களை எடுத்து மனைவிக்கு ஊசியாகப் போடும் வைத்தியம் ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்தது. 1999இல் வெளிவந்த அமெரிக்க, கனடா ஆய்வில் அதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. கையில் இரத்தம் எடுத்துக் காவல் அணுக்களை எண்ணும் பரிசோதனையும் கர்ப்பப்பையின் நிலையைச் சொல்லாது. இப்படியானவற்றுக்கு நகையை அடகு வைக்கும் முன், அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

1. ஒவ்வொரு தரம் கரு கலைந்ததையும், எத்தனை மாதத்தில் என்பதையும் மருத்துவமாதுவிடம் சொல்லி எழுதி வையுங்கள்.

2. இரண்டு தரம் கலைந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கண்டி அல்லது பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை பக்கமிருந்து போய் வர ஒரு நாள் பேர் போகும்தான். ஆனாலும் அது வீண் போகாது.

3. புருஷனும் கூடப் போக வேண்டும். காரணம் சில நேரம் அவர் பக்கமும் இருக்கலாம்.

4. நீரிழிவு, தைரொயிட் நோய் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றிலை, புகையிலை, சாராயத்தை இருவரும் விடுவது நல்லது.

5. அஸ்பிரினைக் கடையில் வாங்கித் தானாகப் போடாதீர்கள்.

6. முன்பு கரு கலைந்தவருக்கு மறுபடியும் இரத்தம் பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு புரோஜெஸ்தெரோன் மருந்து உதவலாம் என்று 2019இல் வெளிவந்த பெரிய ஆங்கில ஆய்வு சொல்கிறது.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கூடை சுமந்ததாலோ, யாரோ கண் வைத்ததாலோ இப்படி ஆயிற்று என்று மருமகளைக் குறை சொல்லாதீர்கள். இரத்தத்தில் இருக்கும் நோய்க்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்? ஏச்சுக்குப் பயந்து அவள் மறைத்தால் வைத்தியமும் தவறிப்போகும். அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிற கை உங்களுடையதாக இருக்கட்டும்.