ஜன்னல் இல்லாத அறையும் ஒரு துண்டுச் சீட்டும்

மாணவர்களே, செயற்கை நுண்ணறிவு உரையாடல் உதவியாளரிடம் ஒளிச்சேர்க்கையைப் பற்றிக் கேட்டால் சில நொடிகளில் தெளிவான விளக்கம் கிடைக்கிறது. “இந்த நிமிடம் ஜூரோங்கில் காற்று எப்படி இருக்கிறது? வெளியே ஓடலாமா?” என்று கேட்டால் என்ன ஆகும்?

எங்கள் பள்ளியின் கணினி மன்றத்தில் இதைச் சோதித்துப் பார்த்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஓட்டப்பந்தய அணியில் ஆஸ்துமா உள்ள மாணவி ஒருவர் இருக்கிறார். புகைமூட்டம் வரும் மாதங்களில், “இன்று பயிற்சி உண்டா, சார்?” என்று தினமும் கேட்பார். கேட்டவுடன் பதில் சொல்லும் ஒரு நிரலை நாமே எழுதலாமே என்றார்கள் உயர்நிலை மூன்று மாணவர்கள்.

முதல் நாள், ஒரு மொழி மாதிரியை எங்கள் நிரல் வழியாக அழைத்துக் கேட்டோம். “மேற்கு வட்டாரத்தில் பிஎஸ்ஐ 52, மிதமான நிலை” என்றது. ஒரு நிமிடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டோம். “47, நல்ல நிலை” என்றது. அந்த ஒரு நிமிடத்தில் காற்று தூய்மையாகிவிடவில்லை. இரண்டு எண்களுமே கற்பனை!

ஏன் இப்படி?

மொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகிய ஒரு கணித அமைப்பு. அதன் படிப்பு ஒரு குறிப்பிட்ட நாளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

நிறையப் புத்தகம் படித்த ஒரு நண்பரை ஓர் அறையில் வைத்துப் பூட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. கதவுக்கு அடியில் ஒரு சீட்டைத் தள்ளினால் பதில் எழுதித் திருப்பித் தள்ளுவார். “வெளியே மழையா?” என்று கேட்டால் அவரால் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால், சிங்கப்பூரில் மழை அடிக்கடி பெய்யும் என்று படித்திருக்கிறார். “ஆம், மழை” என்று எழுதிவிடுவார். எங்களுக்குக் கிடைத்த 52 அத்தகைய பதில்தான்.

உங்கள் திறன்பேசியில் உள்ள செயலி இன்றைய வானிலையைச் சரியாகச் சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு இணையத் தேடல் போன்ற கருவிகளை யாரோ ஏற்கெனவே இணைத்திருப்பார்கள். நாங்கள் அழைத்த மாதிரிக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த இணைப்பை நாங்களே செய்ய வேண்டியிருந்தது.

கருவியை இணைப்பது எப்படி?

சிங்கப்பூர் அரசாங்கத்தின் பொதுத் தரவுத்தளமான டேட்டா.கவ்.எஸ்ஜி, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் காற்றுத் தர அளவீடுகளை வழங்குகிறது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களுக்கும் எண்கள் உண்டு. மனிதர் படிக்கும் பக்கமாக மட்டுமின்றி, நிரல்கள் நேரடியாகக் கேட்டுப் பெறும் வகையிலும் அவை கிடைக்கின்றன. இந்த வாசலுக்கு ஏபிஐ என்று பெயர்.

இணைப்பு ஐந்து படிகளில் நடக்கிறது.

முதல் படி: கேள்வியோடு சேர்த்து, “உனக்கு இந்தக் கருவி இருக்கிறது” என்ற விளக்கத்தையும் நமது நிரல் மாதிரிக்கு அனுப்புகிறது. கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்குத் தர வேண்டிய விவரம் ஆகிய மூன்றும் அந்த விளக்கத்தில் இருக்கும்.

இரண்டாம் படி: கருவி தேவை என்று மாதிரி முடிவு செய்தால், பதிலுக்குப் பதிலாக ஒரு வேண்டுகோளை எழுதுகிறது. அதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

கருவி: காற்றின்_நிலை
வட்டாரம்: மேற்கு

மூன்றாம் படி: நமது நிரல் அந்த வேண்டுகோளைப் படித்து, சரியா என்று பார்த்து, தரவுத்தளத்திடம் எண்ணைக் கேட்கிறது.

நான்காம் படி: கிடைத்த எண்ணை, அதுவரை நடந்த உரையாடலோடு சேர்த்து மாதிரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஐந்தாம் படி: மாதிரி அந்த எண்ணை வைத்து வாக்கியம் அமைக்கிறது. இன்னொரு விவரம் தேவைப்பட்டால் மீண்டும் இரண்டாம் படிக்குப் போகும்.

இரண்டாம் படியை இன்னொரு முறை படியுங்கள். மாதிரி எந்தக் கருவியையும் தானே இயக்கவில்லை. இணையத்தைத் தொடவும் இல்லை. அது ஒரு சீட்டு எழுதியது, அவ்வளவுதான். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடியது நமது நிரல். இதை நாங்கள் ஏட்டளவில் புரிந்துகொண்டோம். உண்மையில் புரிய இரண்டு தவறுகள் தேவைப்பட்டன.

எண் சரி, பதில் தவறு

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் திடலில் லேசான புகை வாடை. எங்கள் உதவியாளர், “பிஎஸ்ஐ 68, மிதமான நிலை, பயிற்சி செய்யலாம்” என்றது. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தோம். 68 சரியான எண்தான். ஆனால், அதே நேரத்தில் மேற்கில் ஒரு மணி நேர பிஎம்2.5 அளவு 74 ஆக இருந்தது.

பிஎம்2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத விட்டமுள்ள நுண்துகள்கள். இவை தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. இவற்றின் ஒரு மணி நேர அளவு 55 வரை இருந்தால் சாதாரணம், 56 முதல் 150 வரை உயர்வு, 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம் என்று வாரியம் வகைப்படுத்துகிறது. அன்று 74 என்பது ‘உயர்வு’.

பிஎஸ்ஐ ஏன் இதைக் காட்டவில்லை? நுண்துகளைப் பொறுத்தவரை அது 24 மணி நேரச் சராசரியை அடிப்படையாகக் கொண்டது. ஒரு கணக்குப் போடுவோம். 23 மணி நேரம் நுண்துகள் அளவு 20 ஆக இருந்து, கடைசி ஒரு மணி நேரத்தில் 140க்குத் தாவுகிறது. கூட்டுத்தொகை 460 + 140 = 600. அதை 24ஆல் வகுத்தால் 25. காற்றில் துகள்கள் ஏழு மடங்காகிவிட்டன, சராசரியோ 20லிருந்து 25க்குத்தான் நகர்ந்திருக்கிறது! உடனடியாக வெளியே செல்வதற்கு ஒரு மணி நேர பிஎம்2.5 அளவைப் பார்க்கும்படி வாரியம் சொல்வது இதனால்தான்.

எங்கள் நிரலில் இரண்டு கருவிகளும் இருந்தன. இரண்டின் விளக்கத்திலும் “காற்றின் நிலையைச் சொல்லும்” என்றே எழுதியிருந்தோம். எதை எப்போது எடுப்பது என்று அறைக்குள் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? மாணவர்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள்: “இப்போது வெளியே விளையாடலாமா என்ற கேள்விக்கு இதைப் பயன்படுத்து. 24 மணி நேர பிஎஸ்ஐயைப் பயன்படுத்தாதே.” நிரலின் கணக்கில் ஒரு வரியும் மாறவில்லை. விளக்கம் மாறியதும் பதில் சரியானது.

பூஜ்யம் சொன்ன பொய்

இரண்டாவது தவறு என்னுடையது. ஒரு வாரம் கழித்து, பயிற்சிக்கு முன் உதவியாளரிடம் கேட்டோம். “பிஎம்2.5 அளவு 0. காற்று மிகத் தூய்மையாக உள்ளது. தாராளமாக ஓடலாம்” என்றது. எல்லாரும் காலணி மாட்டத் தொடங்கினார்கள். அந்த ஆஸ்துமா மாணவி மட்டும் நகரவில்லை. “0 எப்படி சார் வரும்? அன்று பெருமழைக்குப் பிறகுகூட 6 இருந்ததே?” என்றார்.

நிரலைத் திறந்து பார்த்தேன். பள்ளியின் இணைய இணைப்பு அறுந்திருந்தது. எண் கிடைக்காவிட்டால் நிரல் நின்றுவிடாமல் இருக்க, “பிழை வந்தால் 0 என்று அனுப்பு” என நான்தான் அவசரத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். ‘தெரியாது’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்று அறிவியல் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வெப்பமானி உடைந்துவிட்டால் வெப்பநிலை 0 என்று எழுதுவீர்களா?

மாதிரி இம்முறை கற்பனை செய்யவில்லை. சீட்டில் வந்த எண்ணை நம்பியது. கருவி தந்த எண்ணைச் சரிபார்க்க அதற்கு வேறு வழியும் இல்லை. இப்போது அந்த வரியில், “அளவீடு கிடைக்கவில்லை. எண் எதையும் சொல்லாதே. ஆசிரியரிடம் கேட்கச் சொல்” என்று இருக்கிறது. அளவீடு எடுக்கப்பட்ட நேரத்தையும் எண்ணோடு சேர்த்து அனுப்புகிறோம்.

அன்று பயிற்சி உள்விளையாட்டு அரங்கில் நடந்தது.

பார்ப்பது வேறு, செய்வது வேறு

அளவு 150ஐத் தாண்டினால் “பயிற்சி ரத்து” என்று பெற்றோர் அனைவருக்கும் உதவியாளரே செய்தி அனுப்பட்டும் என்றார் ஒரு மாணவர். நல்ல யோசனைதான். ஆனால், எண்ணைப் படித்துச் சொல்லும் கருவி தவறினால் நாம் திருத்தலாம். அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே செய்தி தயாரானதும் நிரல் நிற்கும். ஆசிரியர் ஒருவர் பொத்தானை அழுத்தினால்தான் போகும். சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நமது நிரல் என்பதால், எந்தச் சீட்டுக்கு ஓடுவது, எதற்கு நிற்பது என்று விதிப்பதும் நம் பொறுப்பு.

இந்தத் துறை மிகப் புதியது. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். கருவியை அழைக்கும் வசதியை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் நிரலாளர்களுக்குத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஐந்து உதவியாளர்களோடு பத்துக் கருவிகளைத் தனித்தனியே இணைக்க 50 இணைப்புகள் தேவை. எல்லாரும் ஒரே நெறிமுறையைப் பின்பற்றினால், ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 15 போதும். ஒரே வகை மின்னூட்டி எல்லாத் திறன்பேசிக்கும் பொருந்துவது போன்ற வசதி இது.

செய்து பாருங்கள்

கணினி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். மூன்று பேர் சேருங்கள். ஒருவர் மாதிரி, அவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ஒருவர் நிரல். ஒருவர் தரவுத்தளம், அவர் கையில் பேருந்து நேரங்கள் எழுதிய தாள் இருக்கும். மாதிரிக்கும் நிரலுக்கும் இடையே சீட்டில் எழுதித்தான் பேசலாம். முதலில் கருவியின் விளக்கத்தை எழுதிக் கொடுங்கள். பிறகு, “நான் நான்கு மணிக்குள் நூலகத்துக்குப் போக முடியுமா?” என்று கேளுங்கள்.

ஐந்து கேள்விகள் முடிந்ததும் தரவுத்தளமாக இருப்பவர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடட்டும். நிரலாக இருப்பவர் அப்போது என்ன எழுதி அனுப்புகிறார் என்று பாருங்கள். நான் அனுப்பிய 0ஐ நீங்கள் அனுப்பாவிட்டால் மகிழ்ச்சி.