ஜனத்தொகைக் கணக்கில் குடியானவர் இடம்

நடவுக் காலம் தொடங்கிவிட்டால், விவசாய இலாகா உத்தியோகஸ்தர் எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும் முதலில் செவியிற் படும் முறையீடு ஒன்றுதான். "விதை இருக்கிறது, எரு இருக்கிறது, வாய்க்காலில் ஜலமும் வந்துவிட்டது, ஆள்தான் இல்லை, ஐயா" என்பர். காரணம் யாது என வினவினால், ஒருவர் சோம்பல் என்பர். மற்றொருவர் 2006-ஆம் வருஷத்தில் தொடங்கிய நூறு நாள் வேலையைக் காட்டுவர். வேறொருவர் பட்டணத்து மோகத்தைப் பழிப்பர். இவை ஒவ்வொன்றிலும் சிறிது உண்மை இருத்தல் கூடும். ஆயினும் பத்து வருஷத்துக்கொரு முறை சர்க்கார் எடுத்துவரும் ஜனத்தொகைக் கணக்கைப் புரட்டிப் பார்த்து இவ்வாறு கூறுவோர் மிகச் சிலர். அக்கணக்கு நம் குடியானவர்களைப் பற்றிக் கூறுவது யாது, கூறாமல் விடுவது யாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறேன். அடுத்த கணக்கெடுப்பு நெருங்கிவிட்டமையால் இது இப்பொழுது அறிய வேண்டிய விஷயமாகும்.

பழைய சென்னை மாகாணத்தில் ரெவினியூ உத்தியோகஸ்தர் மூலம் ஐந்து வருஷத்துக்கொரு முறை ஒருவகைக் குடிமதிப்பு எடுக்கப்பட்டு வந்தது. முறையான முதற் கணக்கு 1871-இல் நடந்தது. அவ்வருஷம் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 19 இலட்சத்து 67 ஆயிரம். பத்து வருஷம் கழித்து, 1881-இல் எண்ணியபோது அது 16 இலட்சத்துக்கும் சற்றுக் குறைந்து காணப்பட்டது. இடையில் நிகழ்ந்தது 1876 முதல் 1878 வரையிலான, நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று கூறிவந்த பெரும் பஞ்சமே. மாண்டவர் எத்தனை பேர், ஊரைவிட்டு ஓடியவர் எத்தனை பேர் என அவ்வெண்கள் பிரித்துக் கூறவில்லை. ஆயினும் ஒரு ஜில்லாவில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இல்லாமற் போயினர் என்பதை மறுக்க இயலாதபடி காட்டியது அக்கணக்கு. வெறும் எண் என்று இதை ஒதுக்குவோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

இப்போதைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901-இல் 1 கோடியே 93 இலட்சம் பேர் இருந்தனர். 1951-இல் அது 3 கோடியே 1 இலட்சமாயிற்று. 2011-இல் 7 கோடியே 21 இலட்சத்து 47 ஆயிரத்து 30 பேர் எண்ணப்பட்டனர். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கு கொரோனா நோயின் காரணமாக ஒத்திவைக்கப்பட்டபடியால், முழுக் கணக்கு என நாம் எடுத்துக்காட்டக்கூடியது இந்த 2011-ஆம் வருஷத்தியதே.

பெருக்கம் இனியும் இவ்வாறே செல்லும் என எண்ணுதல் தவறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் இராஜ்யத்தில் ஒரு ஸ்திரீக்கு உண்டாகும் குழந்தைகளின் சராசரி 1.8 ஆகும். பெற்றோர் இருவரின் இடத்தை நிரப்ப 2.1 வேண்டும். ஆகவே இளையோர் தொகை சுருங்க, முதியோர் தொகை ஏறுகிறது. 2011-இலேயே அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்தனர். எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். மாடு மேய்க்கப் பையன் கிடைக்கவில்லை என்று குறைப்படுவோர், அவன் பள்ளியில் இருக்கிறான் என்பதை அறிந்து மகிழ வேண்டும்! நகரங்களில் வசிப்போர் நூற்றுக்கு 48 பேர். கிராமவாசிகள் பாதிக்குச் சற்றே மேற்பட்டோர்தாம்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். வேலை செய்வோர் அனைவரையும் ஜனக்கணக்கு நால்வகையாகப் பிரிக்கிறது. அவர்கள் சாகுபடி செய்வோர், விவசாயக் கூலிகள், குடிசைத் தொழில் செய்வோர், மற்ற வேலையினர் ஆவர். 2001-இல் தமிழ்நாட்டில் சாகுபடி செய்வோர் 51.16 இலட்சம், விவசாயக் கூலிகள் 86.38 இலட்சம். 2011-இல் முன்னவர் 42.48 இலட்சமாகக் குறைந்தனர், பின்னவர் 96.07 இலட்சமாகப் பெருகினர். அதாவது பத்து வருஷத்தில் குடியானவர் கூட்டத்தில் 8.68 இலட்சம் பேர் குறைய, கூலிகள் கூட்டத்தில் 9.69 இலட்சம் பேர் கூடினர்.

இவ்விரண்டு எண்களும் அருகருகே நிற்பதைக் கண்டு, நிலத்தை இழந்தோர் யாவரும் கூலிகளாயினர் என்று மேடைகளிற் பேசுவோர் உண்டு. அங்ஙனம் துணிவதற்கு இக்கணக்கு இடந்தரவில்லை. மற்றொரு கணக்கை இதனுடன் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கிராம நிலக் கணக்குகளை ஆதாரமாகக் கொண்டு தொகுக்கப்படும் விவசாயக் கணக்கின்படி, 2010-11-இல் தமிழ்நாட்டில் இருந்த சாகுபடிப் பண்ணைகள் 81.18 இலட்சம். பண்ணைகள் 81 இலட்சம். சாகுபடி செய்வோரோ 42 இலட்சம்! ஒரு பண்ணையில் கணவன், மனைவி, மகன் என மூவர் பாடுபடுவதும் உண்டாதலால், ஆட்கள் அன்றோ அதிகமாக இருத்தல் வேண்டும்? மீதியுள்ள பண்ணைகளின் உரியவர் எங்கே சென்றனர்?

அவர்கள் எங்கும் செல்லவில்லை. கணக்கின் வேறு நிரல்களில் இருக்கிறார்கள். ஜனக்கணக்கில் ஒருவரை ஒரு வகையிலேதான் சேர்ப்பர். கடந்த ஒரு வருஷத்தில் எந்த வேலையில் அதிக காலத்தைச் செலவிட்டாரோ, அவ்வேலைக்குரியவராகவே அவர் எழுதப்படுவார். அரை ஏக்கர் புஞ்சையில் கடலை விதைத்து, எஞ்சிய நாட்களில் பிறர் வயலிற் கூலிக்குச் செல்லும் ஒருவர் விவசாயக் கூலியாகவே கணக்கில் ஏறுவார்; அவருடைய பட்டா, நிலக் கணக்கில் அப்படியே இருக்கும். காலையில் மோட்டார் பட்டணப் பஸ்ஸை ஓட்டி, மாலையில் நெல்லுக்கு நீர் பாய்ச்சுபவர் மற்ற வேலையினராவர். நிலம் துண்டுபடத் துண்டுபட, அது ஒரு மனிதனுடைய வருஷத்தை நிரப்பும் சக்தியை இழக்கிறது. 1970-71-இல் நம் இராஜ்யத்துப் பண்ணையின் சராசரி விஸ்தீரணம் 1.45 ஹெக்டேர். 2010-11-இல் 0.80; 2015-16-இல் 0.75, அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. குடியானவர் குறைந்தனர் என்பதைக்காட்டிலும், குடியானவனை முழு நேரக் குடியானவனாக வைத்திருக்க அவன் நிலத்திற்கு இயலவில்லை என்று கூறுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

கூலிகள் பெருகியிருக்க, ஆள் இல்லை என்ற முறையீடு ஏன் என்பதற்கும் இதிலேயே ஓரளவு விடை இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்ததும் டெல்டாவில் எல்லா ஊரும் ஒரே சமயத்தில் நடவில் இறங்கும். அம்மூன்று வாரங்களுக்குப் போதிய கைகள் எந்நாளும் மிகுதியாக இருந்ததில்லை. அக்கைகளுக்கு உரியவர்கள் இப்பொழுது தத்தம் அரை ஏக்கரை நட்டுவிட்டுத்தான் பிறர் வயலுக்கு வர இயலும். மேலும் 2011-இன் 3 கோடியே 29 இலட்சம் வேலையாட்களில் 49.42 இலட்சம் பேர் வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாகவே வேலை பெற்றவர்கள். எண்ணிக்கையில் ஓர் ஆள் என்பது நாட்களின் கணக்கில் ஓர் ஆள் ஆகாது.

வேறொரு விநோதமும் உண்டு. 2001, 2011-ஆம் வருஷக் கணக்குகளில் சாகுபடி என்பதற்குக் கூறிய விளக்கத்தில் நெல், கம்பு, கேழ்வரகு, பயறு, கரும்பு, கடலை, பருத்தி, காய்கறி, பழத்தோட்டம் ஆகியன அடங்கும். தேயிலை, காப்பி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகிய ஐந்தும் அடங்கா. பொள்ளாச்சியிலோ பேராவூரணியிலோ பத்து ஏக்கர் தென்னந்தோப்பை இரவும் பகலும் காத்து நிற்பவர், ஜனக்கணக்கின்படி சாகுபடி செய்பவர் அல்லர். தபால்காரரோடும் தையற்காரரோடும் சேர்ந்து மற்ற வேலையினர் ஆவர். நீலகிரித் தேயிலைக்காரரைச் சாகுபடி நிரலில் தேடுவதும் வீண். இதை அறியாமல், ஒரு தாலுகாவில் விவசாயம் அழிந்துவிட்டது என்று எழுதுவோர் இருக்கிறார்கள். அங்கே கரும்போ நெல்லோ அழிந்து தென்னையாக மாறியிருக்கும், அவ்வளவே.

இனி ஸ்திரீகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள் என்பது 2011-ஆம் வருஷத்துக் கணக்கு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிலோ ஆயிரத்துக்கு 943 தான். 2001-இல் தருமபுரி ஜில்லாவில் இது 826 ஆக இருந்தது; பிறகு 900-த்துக்கு மேல் ஏறியது. அதே சமயத்தில் கடலூர், அரியலூர் ஜில்லாக்களில் 900-த்துக்குக் கீழே இறங்கியது. பெண் சிசு வேண்டாம் என்ற கொடுமை ஓரிடத்தில் தணிந்து மற்றோரிடத்தில் தலைதூக்கியதை இவ்வெண்கள் காட்டிக்கொடுத்தன.

பிறந்து வளர்ந்து வயலில் இறங்கும் ஸ்திரீகளையும் நாம் கணக்கில் விட்டுவிடுகிறோம். 2011-இல் ஆண்களில் நூற்றுக்கு 59 பேர் வேலையாட்களாக எழுதப்பட்டனர். பெண்களில் 32 பேர்தாம். விவசாயக் கூலிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்களே. கூலி வாங்கும் பெண்ணின் வேலையை எல்லோரும் அறிவர். கூலி வாங்காமல் சொந்த வயலிற் பாடுபடுபவளின் வேலையை வீட்டாரே அறிவதில்லை.

ஒரு சமயம் செய்கால் காட்டும் வயல் ஒன்றைப் பதிவு செய்வதற்காக ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். பண்ணைக்காரரிடம், வீட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். "நானும் பையனுந்தான், ஐயா, வீட்டில் அவள் சும்மாதான் இருக்கிறாள்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே அந்த அம்மாள் முழங்கை வரை சேறு படிந்த கையோடு நாற்றங்காலிலிருந்து திரும்பி வந்து, தலையிலிருந்த புற்கட்டை இறக்கினார். நாற்றுப் பறிப்பதும், களை எடுப்பதும், விதைக்கடலை உடைப்பதும், இரண்டு மாடு கறப்பதும் அவருடைய வேலை. "இதெல்லாம் ஒரு வேலையா, ஐயா?" என்று அவரே என்னைக் கேட்டார்.

அவரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. திருந்திய நெல் சாகுபடி முறையைப் பரப்பத் தொடங்கிய காலத்தில், கோனோ களைக்கருவியை உருட்டிக் காட்டுவதற்கு நான் ஊர் ஊராய் ஆண்களையே கூட்டினேன். அப்பக்கத்தில் களை எடுப்பவர் அனைவரும் பெண்கள். ஆண்கள் தலையசைத்துச் சென்றனர். கருவி பல வீடுகளில் தாழ்வாரத்து மூலையிலே துருப்பிடித்தது. பெண்களிடம் கொடுத்துப் பார்த்தபோதுதான், சேற்றில் இழுப்பதற்கு அது கனமாயிருக்கிறது என்ற செய்தியே எனக்குக் கிடைத்தது. சாகுபடி செய்வோர் பட்டியலில் இராதவரை நாங்கள் பயிற்சிக்கு அழைப்பதில்லை; அழைக்கப்படாதவருக்கு ஏற்ற கருவியும் வருவதில்லை.

ஜனக்கணக்கின் விதியோ இவ்விஷயத்தில் நம்மைவிட நியாயமாகவே இருக்கிறது. குடும்பத்து வயலிலோ தொழிலிலோ கூலியின்றி வேலை செய்வோரும் வேலையாட்களே. வீட்டுச் செலவுக்கு மட்டும் பயிரிட்டாலும், பால் உற்பத்தி செய்தாலும் அது வேலையே. இது 2011-இல் கையாண்ட விதி. கேள்விக்கு விடை கூறுபவர் "சும்மா இருக்கிறாள்" என்று கூறிவிட்டால், விதி இருந்தும் பயனில்லை.

2027-ஆம் வருஷம் மார்ச்சு 1-ஆம் தேதியைக் குறித்த நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என்று 2025 ஜூன் மாதத்தில் சர்க்கார் அறிவித்துள்ளது. அப்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் முந்திய ஒரு வருஷத்தில் எத்தனை மாதம், எவ்வேலை செய்தனர் என்பதை நினைவு கூர்ந்து சொல்லவேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஒரு பிரிவும், குறைந்தவருக்கு மற்றொரு பிரிவும் இதுவரை இருந்துவந்தன. நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிரிடுவோரும் சாகுபடி செய்வோரே. அவர்கள் தம்மைக் கூலி என்று கூறிக்கொள்ளலாகாது. நிலத்தைப் பிறரிடம் விட்டுவிட்டு மேற்பார்வையும் செய்யாதவர் சாகுபடி செய்பவர் அல்லர்.

வாய்மொழிக் குத்தகைக்காரர் பலர், உண்மையைக் கூறினால் நிலச் சொந்தக்காரருடன் வழக்கு வருமோ என்று அஞ்சுவதை நான் அறிவேன். 1948-ஆம் வருஷத்து ஜனக்கணக்குச் சட்டத்தின்படி, கணக்கெடுப்பில் எழுதியதை எவரும் பார்வையிட உரிமையில்லை. கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டவும் இயலாது. வரி விதிப்பதற்கும் அது ஆதாரமன்று.

கணக்கெடுப்போர் வரும் சமயம் ஆண்கள் வயலில் இருந்தால், அவரைப் பிறகு வரும்படி திருப்பியனுப்ப வேண்டுவதில்லை. விவரம் அறிந்த வயது வந்த எவரும் விடை கூறலாம். கணவன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கமுடைய அம்மாள்மாரும் தயங்க வேண்டாம். வழக்கத்தால் விலக்கப்பட்ட பெயரைக் கூறுமாறு எந்த ஸ்திரீயையும் வற்புறுத்தலாகாது என்று அச்சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தாம் நட்டதையும், களை பறித்ததையும், பால் கறந்ததையும் அவர்களே சொல்லி எழுதச் செய்யலாம்.