மங்கிய கண்ணுக்கு உதவும் மாயத் துளை!

ஒரு தபால் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஊசியால் ஒரு சிறு துளை போடுங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிடுங்கள். துளையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் இந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

மங்கலாகத் தெரிந்த எழுத்து, இப்போது தெளிவாகத் தெரியும்!

இது மந்திரமும் அல்ல, தந்திரமும் அல்ல. கண் டாக்டர்கள்கூட நோயாளியின் பார்வையைச் சோதிக்க இப்படி ஒரு துளையைப் பயன்படுத்துகிறார்கள்.

இதே துளைதான், அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் துப்பாக்கியிலும் இருக்கிறது. அது அங்கே என்ன வேலை செய்கிறது? அதை எப்படிப் பொருத்துகிறார்கள்? பார்ப்போம்.

சினிமாவில் பார்த்த துப்பாக்கி

ஆங்கில கௌபாய் படங்களில் ஒரு துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். விசைக்குக் கீழே இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளினால், சுட்டு முடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். மேலே இழுத்தால், புதுத் தோட்டா உள்ளே போகும். இதுதான் "லீவர்" ரைபிள்.

இந்த வகையில் மிகவும் புகழ் பெற்றது, வின்செஸ்டர் கம்பெனியின் 1894-ம் வருட மாடல். அதை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். காட்டில் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு லேசானது. அதனால் தாத்தா வைத்திருந்த துப்பாக்கியைப் பேரனும் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போகிறான்.

"தூரத்தைக் காட்டும் டெலஸ்கோப்பை மேலே மாட்டிக்கொள்ளலாமே!" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். இந்த மாடல், கூட்டை நேராக மேலே தூக்கி எறியும். டெலஸ்கோப் மேலே இருந்தால் வழியை மறிக்கும். 1980-களில்தான் கூடு பக்கவாட்டில் விழும்படி மாற்றினார்கள். அதற்கு முன் வந்த பழைய துப்பாக்கிகளுக்குத் துளைதான் துணை.

மூன்று பொருள், ஒரு கண்

சாதாரணத் துப்பாக்கியில் எப்படிக் குறி பார்க்கிறார்கள்? குழலின் நுனியில் ஒரு சிறு மணி இருக்கும். அது முன்குறி. குழலின் நடுவில், பள்ளம் வெட்டிய தகடு ஒன்று இருக்கும். அது பின்குறி. பள்ளத்துக்குள் மணி தெரிய வேண்டும். மணிக்கு மேலே மான் தெரிய வேண்டும்.

ஆக, பார்க்க வேண்டியவை மூன்று. மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. ஆனால், கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும்.

இளம் வயதில் கவலை இல்லை. கண் சட்டென்று மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டினால் கண்ணில் உள்ள லென்ஸ் விறைத்துப் போகிறது. ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறோமே, அதே காரணம்தான்! பின்குறியின் பள்ளம் மங்கிவிடுகிறது.

துளை என்ன செய்கிறது?

அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே இருந்த வில்லியம் லைமன் என்பவர், 1879-ல் ஒரு துளைக்குறிக்குக் காப்புரிமை பெற்றார். துளை பெரியது. அதைச் சுற்றியுள்ள விளிம்பு மெல்லியது. அதனால் வேட்டைப் பிராணியை மறைக்காது.

இந்தத் துளையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பொருத்துகிறார்கள். துளையைப் பார்க்க வேண்டியதில்லை. துளை வழியாகப் பார்த்தால் போதும். வட்டத்தின் நடுவைக் கண் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

மூன்று பொருள் இரண்டாகிவிட்டது. மணியை மானின் மேல் வைக்க வேண்டியதுதான் பாக்கி!

இன்னொரு லாபமும் உண்டு. பின்குறி கண்ணை நோக்கிப் பின்னால் வந்துவிடுவதால், இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது. தூரம் கூடினால், சிறு பிசகால் வரும் தவறு குறையும்.

பொருத்துவது எப்படி?

முதல் வேலை, தோட்டாக்களை வெளியே எடுப்பது. துப்பாக்கியின் வாய் ஆள் இல்லாத திசையைப் பார்க்க வேண்டும். குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். லீவரை இயக்கி எல்லாவற்றையும் எடுத்த பிறகும், உள்ளே கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்கிறார்கள். "காலியாக இருக்கும்" என்ற நினைப்புதான் ஆளைக் கொல்கிறது.

பிறகு பழைய பின்குறியைக் கழற்ற வேண்டும். அது குழலில் வெட்டிய பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பித்தளைக் கம்பியை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் வந்துவிடும். ஏன் பித்தளை? அது இரும்பைவிட மிருதுவானது. குழலில் கீறல் விழாது.

துளைக்குறியைத் திருகாணியால் பொருத்துகிறார்கள். பல துப்பாக்கிகளில் அதற்கான ஓட்டைகளைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுகிறார்கள். ஓட்டை இல்லாவிட்டால், கைதேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். திருகாணியில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடும் அதிர்ச்சியில் தளர்ந்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் படுத்தும் பாடு

பொருத்தியாயிற்று. இனிக் குறியைச் சரி செய்ய வேண்டும். அதற்கு ஒரு சுலபமான விதி உண்டு.

பின்குறி நண்பனைப் போன்றது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே அதை நகர்த்த வேண்டும். குண்டு கீழே பட்டால், பின்குறியை உயர்த்து. இடப்பக்கம் பட்டால், வலப்பக்கம் தள்ளு. முன்குறியோ எதிர்க்கட்சி! அதை நகர்த்தினால் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

எவ்வளவு நகர்த்துவது? கணக்குப் போடுவோம். இலக்கு 100 கெஜ தூரத்தில் இருக்கிறது. அதாவது 3,600 அங்குலம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 24 அங்குலம். குண்டு 6 அங்குலம் கீழே பட்டது.

6-ஐ 24-ஆல் பெருக்கி, 3,600-ஆல் வகுத்தால், விடை 0.04 அங்குலம். சுமார் ஒரு மில்லிமீட்டர்!

பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலில் உள்ள மிகச் சிறிய அளவுதான் அது. இங்கே அவ்வளவு பிசகினால், அங்கே அரை அடி தவறிப்போகும். அதனால்தான் பின்குறியில் நுட்பமான திருகும், அளவுக் கோடுகளும் வைக்கிறார்கள்.

சில சமயம் துளையைக் கடைசி வரை இறக்கினாலும் குண்டு மேலேயே படும். பழைய முன்குறி குட்டையாக இருப்பதுதான் காரணம். உயரமான முன்குறியை மாட்டினால் சரியாகிவிடும்.

ஒரு குண்டை நம்பாதே!

முதலில் 25 கெஜத்தில் பெரிய காகிதத்தை வைத்துச் சுடுகிறார்கள். துப்பாக்கியின் முன்பக்கக் கட்டையை மணல் மூட்டையில் வைத்து, ஆடாமல் சுட வேண்டும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அவசியம்.

ஒரு குண்டு பட்ட இடத்தைப் பார்த்துக் குறியை மாற்றக்கூடாது. கை நடுங்கியிருக்கலாம். மூன்று குண்டு சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்து மாற்ற வேண்டும். 25 கெஜத்தில் சரியான பிறகே, 100 கெஜத்துக்குப் போகலாம். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ, அதே தோட்டாவால்தான் சோதிக்க வேண்டும். தோட்டா மாறினால் குறியும் மாறும்.

அந்திக் கருக்கலில் சிறு துளை இருட்டடிக்கும். அப்போது பலர், துளை உள்ள சிறு வில்லையைக் கழற்றிவிட்டு, வெளி வளையத்தின் வழியாகவே குறி பார்க்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பாடு?

அரை அடி தவறினால் மான் உடனே சாகாது. வயிற்றில் காயம் பட்டுப் புதருக்குள் ஓடும். மணிக்கணக்கில் துடிக்கும். சுட்டவருக்கு இறைச்சியும் இல்லை, நிம்மதியும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. துளை, குறி பார்க்கத்தான் உதவும். புதரில் அசைவது மானா, மனிதனா என்று தெரிந்துகொள்ள அது உதவாது. நன்றாகப் பார்த்து, அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகே, விரல் விசைக்குப் போக வேண்டும்.

துளை கண்ணின் குறையைத் தீர்க்கும். அவசரத்தைத் தீர்க்காது. காகிதத்தைச் சரியாகச் சுட முடியாதவன், காட்டுக்குள் துப்பாக்கியோடு போகக்கூடாது!