காலியாக நிற்கும் அணை

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், மேற்கே கார்டெல் என்றொரு சிற்றூர். அதனருகே கிளவுட் கிரீக் என்ற ஓடையை மறித்து 1948 ஜூலையில் ஒரு மண் அணையைக் கட்டி முடித்தார்கள். விவரம் தெரியாதவர் பார்த்தால் அதை அணை என்றே நினைக்க மாட்டார். புல் மூடிய நீளமான மேடு, ஒரு பக்கம் குட்டை அளவுக்குத் தண்ணீர், அவ்வளவுதான். ஏற்றி இறக்க ஷட்டர் கிடையாது. மின்சாரம் எடுப்பதில்லை, வயலுக்குக் கால்வாயும் போவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு ஓடைகளின் தலைப்பகுதியில் கட்டப்பட்ட சிறு வெள்ளத் தடுப்பு அணைகளில் இதுதான் முதலாவது. இன்று 47 மாநிலங்களில் 11,800-க்கும் மேற்பட்ட இத்தகைய அணைகள் இருக்கின்றன. ஒக்லஹோமாவில் மட்டும் 2,100-க்கு மேல்.

நம் ஊரில் ஏரி நிரம்பிக் கலங்கல் போனால் ஊரே கரைக்கு வந்து பார்க்கும். இந்த அணையின் கணக்கு தலைகீழ். நிரம்பிக் கிடந்தால் அடுத்த மழைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்காகத்தான் அத்தனை மண்ணையும் கொட்டியிருக்கிறார்கள்.

அந்த வெற்றிடம் ஏன் தேவைப்பட்டது? கிளவுட் கிரீக் அடங்கிய வாஷிடா ஆற்றுப் படுகையில் கோதுமைக்கும் பருத்திக்குமாகச் சரிவு நிலங்களையெல்லாம் உழுது போட்டிருந்தார்கள். வறண்டால் புழுதி பறந்தது. பெய்தால் மேல்மண் ஓடையில் போனது. 1934 ஏப்ரலில் ஹேமன் என்ற ஊருக்கருகே வந்த வெள்ளம் 17 பேரைக் கொண்டுபோனது. கீழே, பெரிய ஆற்றில் பெரிய அணை கட்டலாம் என்றது ஒரு தரப்பு. அந்த அணைக்கு மேலே இருக்கும் எங்கள் ஓடைக்கரை நிலங்களை யார் காப்பது என்று கேட்டார்கள் உழவர்கள். நியாயமான கேள்வி. 1944-இல் வந்த வெள்ளத் தடுப்புச் சட்டம் வாஷிடா உட்பட 11 ஆற்றுப் படுகைகளில், ஓடைகள் தொடங்கும் இடத்திலேயே பணி செய்ய வழிவிட்டது. 1954-இல் வந்த இன்னொரு சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது.

வேலை செய்யும் விதம் எளிது. நான்கு சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்த மழையில் பத்து சென்டிமீட்டர் அளவு தண்ணீர் நிலத்தில் இறங்காமல் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நான்கு லட்சம் கன மீட்டர். மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் ஓடையில் சராசரியாக விநாடிக்கு 1,300 கன அடி போகும். பாலத்தை அடித்துப்போக அது போதும். அதே தண்ணீரைப் பிடித்து வைத்துப் பத்து நாளில் விட்டால் சராசரி விநாடிக்கு 16 கன அடிதான். ஓடை கரைக்குள்ளேயே அடங்கி ஓடும். தேங்கிய வெள்ளம் ஏறக்குறைய பத்து நாளுக்குள் வடிந்துவிட வேண்டும் என்பதுதான் இவற்றின் வடிவமைப்பு விதியும்.

இப்படி அளந்து விடுவதற்கு யாரும் அங்கே காவல் இருப்பதில்லை. குட்டைக்குள் ஒரு கான்கிரீட் கோபுரம் நிற்கும். அதன் வாய் மேலே திறந்திருக்கும். தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியாக மறுபக்கம் வெளியேறும். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் குழாய் கொள்ளும் அளவுதான் அதன் வழியே போகும். நம் பழைய ஏரிகளின் குமிழித் தூம்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதுவும் நீருக்குள் நின்று, கரைக்கடியில் தண்ணீரைக் கடத்துவதுதான். தூம்பு வயலுக்காக அடியிலிருந்து நீர் எடுக்கும், இந்தக் கோபுரம் மேலிருந்து வாங்கும். இரவு இரண்டு மணிக்குக் கொட்டும் மழையில் ஒருவர் ஓடிவந்து ஷட்டர் திறக்க வேண்டியதில்லை. இந்த அணையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

கோபுர வாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் வண்டலுக்கென்று விட்ட இடம். ஓடை கொண்டுவரும் மண் ஐம்பது ஆண்டுகள் படியட்டும் என்று பெரும்பாலான அணைகளில் கணக்குப் போட்டிருந்தார்கள். அதுவரை மாடு தண்ணீர் குடிக்கும், மீன் வளரும். குழாயின் சக்தியை மீறிய பெருவெள்ளம் வந்தால் வெளியேற, கரையின் ஓரத்தில் இயற்கையான தரையை வெட்டி அகலமான புல்வாய்க்கால் ஒன்று வைத்திருப்பார்கள். நம் கலங்கல் போன்றது. அதில் தண்ணீர் போவது அபூர்வம். ஆனால் அது இல்லாவிட்டால் வெள்ளம் கரைமேல் ஏறிப் பாயும். கரைமேல் நெடுநேரம் வெள்ளம் பாய்ந்தால் மண் அணைக்கு அதோடு முடிவு.

இனி மண். கரை கட்டுவது மண்ணைக் குவிக்கும் வேலை அல்ல. ஓடைப் படுகையில் நல்ல தரை வரும்வரை பள்ளம் தோண்டி, அதில் களிமண் நிரப்பி இறுக்குவார்கள். கீழே கசிந்து ஓடும் நீருக்கு அது தடை. அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு மண் பரப்பி, ஆட்டுக் குளம்பு போன்ற முனைகள் கொண்ட உருளையை ஓட்டி மிதிக்க வைத்து, அடுத்த அடுக்கைப் போடுவார்கள். ஈரப் பதம் முக்கியம். காய்ந்த மண் கட்டி கட்டியாக நின்று இடைவெளி விடும், ஈரம் மிஞ்சிய மண் பிதுங்கும். கையில் அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை மாவு போலப் பிடி நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டியும் ஒக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் சில அணைகள் முதல் முறை நீர் ஏறியபோதே துளைபட்டுப் போயின. மண் நல்ல களிமண், இறுக்கமும் சரி. காரணத்தை 1970-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஷெரார்ட் போன்ற பொறியாளர்கள் விளக்கினார்கள். அந்தக் களிமண்ணில் சோடியம் அதிகம். சாதாரணக் களிமண்ணின் துகள்கள் நீரிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். சோடியம் மிகுந்தால் அவை ஒன்றையொன்று தள்ளும். அசையாத தண்ணீரில்கூடத் தானாகவே பிரிந்து மிதக்கும். கரையில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும். நல்ல களிமண் நனைந்து ஊதி அதை மூடிவிடும். இந்த மண்ணோ கரைந்து நீரோடு போகும், வெடிப்பு துளையாகும், துளை சுரங்கமாகும்.

நம் உழவர்களுக்கு இது அறிமுகமான மண்தான். களர் நிலத்தில் மழை பெய்தால் வடியாமல் பல நாள் கலங்கி நிற்குமே, அதற்கும் காரணம் இதே சோடியம்தான். அவர்கள் ஜிப்சம் போட்டுத் திருத்துகிறார்கள், அணைக்காரர்கள் சுண்ணாம்பு கலக்கிறார்கள். இரண்டிலும் சுண்ணச் சத்து சோடியத்தை வெளியேற்றி அந்த இடத்தில் உட்காருகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். காய்ச்சி வடித்த நீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, சுண்டைக்காய் அளவு மண் உருண்டையை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்காதீர்கள். சில நிமிடம் பாருங்கள். உருண்டை உதிர்ந்து அடியில் குவிந்து நீர் தெளிவாகவே இருந்தால் நல்லது. உருண்டையைச் சுற்றிப் புகைபோல் கலங்கல் கிளம்பி டம்ளரின் அடியில் படர்ந்தால், அந்த மண்ணைக் கரைக்கு எடுக்கும் முன் இன்னும் ஆராய வேண்டும்.

கசிவைப் பற்றிய அறிவும் இந்தச் சிறு அணைகளால் வளர்ந்தது. கரைக்குள் குழாய் போகும் வழிதான் பலவீனம், அதை ஒட்டித் தண்ணீர் வழி தேடும். முன்பு குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் வைத்து மறித்தார்கள். இப்போது சலித்த மணலால் ஒரு திரை போடுகிறார்கள். காப்பி பில்டர்போலத் தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் திரை அது. கசிவை அடைப்பதைவிட அதற்குச் சரியான வழி கொடுப்பதே பாதுகாப்பு என்று அனுபவம் கற்றுக்கொடுத்தது.

கட்டிய பிறகு கரையைக் காப்பது புல். ஒக்லஹோமாவில் அதிகம் வளர்ப்பது பெர்முடா புல், நம் அருகம்புல்லேதான். மரம் மட்டும் கூடாது. நிழல் தரும் மரத்தை வெட்ட மனம் வராது, ஆனால் அது பட்டுப்போனபின் அழுகிய வேர் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு குழாய். வளை தோண்டும் பிராணிகளும் அப்படியே. பீவர் என்ற நீர்விலங்கு குச்சியும் சேறும் கொண்டு கோபுர வாயையே அடைத்துவிடும்.

கிளவுட் கிரீக் காலத்து அணைகளுக்கு ஐம்பது ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. சிலவற்றில் வண்டல் ஏறிவிட்டது, சிலவற்றில் இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கிறது. வயலைக் காக்கக் கட்டிய அணைக்குக் கீழே, வெள்ளம் வராத இடம் என்று நம்பி வீடுகள் எழுந்துவிட்டன. உடைந்தால் அன்று கோதுமை போயிருக்கும், இன்று உயிர் போகும். அதனால்தான் 2000-இல் இவற்றைப் புதுப்பிக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

உங்கள் ஊரிலும் மண் கரை இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் அதன் வெளிப்புற அடிவாரத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். கசியும் நீர் தெளிவாக இருந்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு தொடர்ந்து கவனியுங்கள். கலங்கி வந்தால் அது கரையின் மண். விடியட்டும் என்று காத்திராமல் ஊராருக்கும் நீர்வளத் துறைக்கும் உடனே சொல்லுங்கள்.