செங்குத்துப் பாறைச் சரிவுகளில் நீர்க் கணக்கீடு

உயர்ந்த மலைகளின் செங்குத்தான பாறை முகப்புகளில், விரிசல்களுக்குள் புகக்கூடிய நீர் எவ்வளவு, அது எப்போது கிடைக்கிறது என்பதைக் கணினி மாதிரிகளின் உதவியால் மதிப்பிடும் முறை பாறைச் சரிவு நீர்க் கணக்கீடு ஆகும். பாறை வீழ்ச்சிகளின் காரணங்களை ஆராய இது பயன்படுகிறது.

சமவெளியிலிருந்து வேறுபாடு

சென்னையின் தெற்கே உள்ள சிட்லபாக்கம் ஏரி போன்ற சமவெளி நீர்நிலைக்கு வரும் நீரை, மழையளவு, நீர்ப்பிடிப்புப் பரப்பு, வழிந்தோடும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கித் தோராயமாக அறியலாம். ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை பெய்தால் 100 கன மீட்டர் நீர் விழுகிறது.

உயர்மலையில் இக்கணக்கு போதாது. 60 பாகை சாய்வுள்ள பாறையின் ஒவ்வொரு சதுர மீட்டரும், நேராக விழும் மழையில் பாதியையே பெறுகிறது. பனியின் பெரும்பகுதி காற்றாலும் ஈர்ப்பாலும் கீழே போய்விடுகிறது. பிரான்சில் 3,842 மீட்டர் உயரமுள்ள எக்விய் து மிதி சிகரத்தில் செய்த மாதிரியாக்கத்தில், பெய்த பனியில் ஏறத்தாழ கால் பங்கே சரிவில் தங்குவதாகத் தெரிந்தது.

ஆற்றல் கணக்கு

தங்கிய பனி முழுவதும் நீராவதில்லை. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதுவே நேரடியாக ஆவியாக, அதாவது பதங்கமாக, சுமார் 2,834 கிலோஜூல் தேவை. ஒரு கிலோ பனி பதங்கமாகச் செலவாகும் வெப்பத்தால் எட்டு கிலோவுக்கு மேல் உருக்கலாம். ஆகவே உலர்ந்த காற்று வீசும் நாளில், நல்ல வெயில் இருந்தும் குறைந்த நீரே கிடைக்கலாம். வெயில், காற்றின் வேகம், ஈரப்பதம், பாறையின் வெப்பநிலை ஆகியவற்றை மாதிரி மணிக்கணக்கில் கணக்கிடுவது இதனால்தான்.

விரிசலுக்குள் நீர்

குளிர்ந்த உயரங்களில் விரிசலில் உள்ள பனிக்கட்டி பாறைகளைப் பிணைத்து வைக்கிறது. உள்ளே இறங்கும் நீர் அங்கு வெப்பத்தைக் கொண்டு சேர்த்து அப்பிணைப்பைத் தளர்த்துகிறது. மீண்டும் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு பெருகி விரிசலை அகலமாக்குகிறது. வெளியேறும் வழி அடைபட்டால் நீர் தேங்குகிறது. 10 மீட்டர் உயரத்துக்குத் தேங்கிய நீர், அடியில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தருகிறது.

சமோலி பேரிடர்

2021 பிப்ரவரி 7 அன்று, உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரோண்டி சிகரத்தின் வடக்கு முகப்பிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் சரிந்தன. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாறை. விழுந்த வேகத்தில் உண்டான உராய்வு வெப்பம் பனிக்கட்டியை உருக்கியதால், சரிவு வெள்ளமாக மாறியது. ரிஷிகங்கா, தபோவன் விஷ்ணுகட் நீர்மின் திட்டங்கள் சேதமடைந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

இது நிகழ்ந்தது உருகுநீர் குறைவான குளிர்காலத்தில். வெப்பம் பாறையின் ஆழத்தை அடையப் பல மாதங்கள் ஆகும் என்பதால், அன்றைய வானிலையை மட்டும் பார்த்து இத்தகைய சரிவை விளக்க இயலாது. முந்தைய பருவங்களின் நீரையும் வெப்பத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வரம்புகள்

இத்தகைய முகப்புகளில் வானிலைக் கருவிகள் மிகக் குறைவு. தொலைவிலுள்ள நிலையத்தின் அளவீடுகளை உயரத்துக்கேற்பத் திருத்திப் பயன்படுத்த வேண்டியுள்ளது. விரிசல்கள் உள்ளே எவ்வாறு இணைந்துள்ளன என்பதும் வெளியிலிருந்து தெரிவதில்லை. ஆகவே இம்மாதிரிகள் பாறை விழும் நாளை முன்கூட்டிச் சொல்வதில்லை. எந்த முகப்பை, எந்தப் பருவத்தில் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும் என்பதையே காட்டுகின்றன.