குறிப்புகளின் இடப்பெயர்ச்சி

ஒரு குடும்ப வரலாற்று மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை மாற்றுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984-இல் உருவாக்கிய ஜெட்காம் என்னும் கோப்பு வடிவமாகும். பெயர், பிறப்பு, திருமணம் ஆகியவை இதில் பெரிதும் பழுதின்றிச் சென்றுவிடுகின்றன. இடர்ப்படுவது, ஆய்வாளர் நெடுநாள் உழைத்து எழுதிய குறிப்புகளே. 5.5.1 பதிப்பில் ஒரு வரி 255 எழுத்துகளைத் தாண்டலாகாது என்பதால், நீண்ட பத்தி துண்டாக்கப்பட்டு, புதிய வரியைக் குறிக்கும் 'கான்ட்', முந்தைய வரியோடு ஒட்டவேண்டியதைக் குறிக்கும் 'கான்க்' என்னும் அடையாளச் சொற்களால் இணைக்கப்படுகிறது. சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் வரியை வெட்டினால், பெறும் மென்பொருள் அவ்வெற்றிடத்தை நீக்கிவிட்டு இரு சொற்களை ஒன்றாக்கிவிடக்கூடும். ஆகவே சொல்லின் நடுவிலேயே வெட்டவேண்டும் என்பது, விந்தையாகத் தோன்றினும், சரியான நடைமுறையாகும்.

தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அட்டவணை போன்ற வடிவமைப்புக்கு அப்பதிப்பில் வழியே இல்லை. எனவே ஒரு மென்பொருள் இணையப் பக்கங்களுக்குரிய ஹெச்டிஎம்எல் குறிகளைக் குறிப்பினுள் பொதிந்து அனுப்பினால், அவற்றை அறியாத மற்றொன்று கோணக் குறிகளை அப்படியே திரையில் கொட்டுகிறது. 2021-இல் வெளியான 7.0 பதிப்பு, வரி நீள வரம்பையும் 'கான்க்' சொல்லையும் கைவிட்டதோடு, குறிப்பு வெறும் உரையா, ஹெச்டிஎம்எல்லா என்று அறிவிக்கவும் இடமளித்தது. ஆயினும் அனுப்பும் மென்பொருளும் பெறும் மென்பொருளும் அப்பதிப்பை ஏற்றிருந்தாலன்றி இவ்வசதி பயன்தராது.