எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு

ஜப்பான் மீது போர் தொடுக்கும் தீர்மானம் 1941 டிசம்பர் 8ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. முந்தின நாள்தான் பேர்ல் துறைமுகத்தில் குண்டுகள் விழுந்திருந்தன. நம் கோத்தா பாருவிலும் ஜப்பானியப் படை கரையிறங்கிவிட்டது. தீர்மானத்திற்கு ஆதரவாக 388 வாக்குகள், எதிராக ஒன்றே ஒன்று. அந்த ஒரு வாக்கு ஜெனட் ரேங்கின் அம்மையாருடையது.

வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். போலீசார் வந்துதான் அவரைப் பத்திரமாக அலுவலகம் சேர்த்தனர்.

யார் இவர்? 1880-இல் மொன்டானாவில் பிறந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர் ஊராகப் பேசியவர். மொன்டானா பெண்கள் 1914-இல் அந்த உரிமையைப் பெற்றனர். இரண்டே ஆண்டுகளில் இவர் தேர்தலில் வென்று, அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். நாடு முழுமைக்குமான பெண்கள் வாக்குரிமைச் சட்டத் திருத்தமோ 1920-இல்தான் வந்தது!

1917 ஏப்ரலில் பதவியேற்ற நான்காம் நாளே ஜெர்மனிக்கு எதிரான போர்த் தீர்மானம் வந்தது. அதை எதிர்த்து வாக்களித்தவர்கள் 50 பேர். ஆனால் பெண் என்பதால் ஏச்சும் பேச்சும் இவருக்கே அதிகம். மற்ற 49 பேரும் ஆண்கள் ஆயிற்றே! 1918-இல் செனட் தேர்தலில் தோற்றார்.

22 ஆண்டுகள் கழித்து, 1940-இல் மீண்டும் வென்று வந்தவர் அளித்ததுதான் அந்த ஒற்றை வாக்கு. அதன்பின் அவர் மறுதேர்தலுக்கு நிற்கவில்லை. காந்தியடிகளின் அறவழியை அறியப் பலமுறை இந்தியா சென்றுவந்தார். 1968-இல், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களின் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார்.